கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இரண்டு வளர்க்கிறோம். 'அனிமோன் இல்லாட்டி இது ரொம்ப நாள் தாங்காது' என்று சொல்லி, கடைக்காரர் ஒரு கார்பெட் அனிமோனைக் (கடல் சாமந்தி எனப்படும் பூப் போன்ற கடல் உயிர்) காட்டுகிறார். வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வெள்ளைதான் முதல் காரணம். கடல் சாமந்தியின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கும் பங்கு கொடுப்பவை அவைதான். பழுப்பு நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. பாசியை இழந்து வெளுத்த அனிமோன் பட்டினியில் இருக்கிறது என்று அர்த்தம். பளீர் மஞ்சள், ஊதா என்று சாயம் ஏற்றியும் விற்பார்கள், அதுவும் வேண்டாம்.

கடைகளில் கார்பெட் என்று வருவது பெரும்பாலும் ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி. செங்கடலிலிருந்து பசிபிக் வரை ஆழமில்லாத மணல் தரையில் வாழ்வது. அடிப்பாதத்தை மணலுக்குள் ஊன்றி, மேல்தட்டைக் கம்பளம் மாதிரி விரித்துக் கிடக்கும். தொட்டால் சட்டென்று மணலுக்குள் இழுத்துக்கொள்ளும். தட்டு 50 செ.மீ. தாண்டி 80 செ.மீ. வரைகூட விரியும். உங்கள் தொட்டியின் நீளமே அவ்வளவுதான் இருக்கும்! அதன் குட்டைக் கொடுக்குகளில் பசை அதிகம். உரசுகிற சின்ன மீனைப் பிடித்து விழுங்கிவிடும். செத்துப்போனாலோ ஒரே இரவில் அழுகி, அம்மோனியா ஏறி, மற்ற மீன்களையும் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது ஒசெல்லாரிஸ் வகை என்று நினைக்கிறேன். கடலில் அது ஹட்டோனியோடு சேர்வதில்லை. ஹட்டோனியில் குடியிருப்பது செபே, கிளார்க்கி போன்ற வேறு கோமாளிகள். கடலில் எதிரிகளிடமிருந்து தப்பத்தான் அந்தக் கூட்டு. வீட்டுத் தொட்டியில் துரத்த யார் இருக்கிறார்கள்? பண்ணையில் பிறந்த கோமாளிகள் அனிமோனைக் கண்ணால் பார்க்காமலே பல வருஷம் வாழ்ந்து முட்டையும் போடுகின்றன. அனிமோன்களோ இன்னும் பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்து வருபவை.

பின்னாளில் பெரிய தொட்டி வைத்தால், பழுப்போ பச்சையோ நிறமுள்ளதாக, வாய் இறுக மூடி, பாதத்தில் கிழிசல் இல்லாததாகப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வைத்து ஒரு வருஷமாவது ஓடிய தொட்டி, பலமான விளக்கு, மோட்டாருக்கு வலைமூடி, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இதெல்லாம் வேண்டும். ஆவியாகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஆகாது.

'அனிமோன் வேண்டாமா, அப்ப இதை எடுங்க' என்று கடைக்காரர் உயிருள்ள கல் பவளத்தை நீட்டினால், அதையும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது.