மூன்றடிச் சந்தில் எந்தக் கொடி நிற்கும்?

கேள்வி: பொள்ளாச்சியில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம், மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. பக்கத்து வீட்டில் இரண்டு மாடி எழுப்பிவிட்டதால் வெயில் விழுவதில்லை. ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. தோண்டினால் கட்டடக் கழிவுதான் வருகிறது. அவர்கள் ஜன்னல் நேராக எங்கள் சமையலறையைப் பார்க்கிறது. மறைப்பதற்குப் பூக்கிற கொடி வேண்டும். 'நிழலில் நன்றாக வரும்' என்று நர்சரியில் கொடுத்த மல்லிகையும் காகிதப்பூவும் இரண்டு முறை பட்டுப்போயின. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். மல்லிகைக்கும் காகிதப்பூவுக்கும் வெயில்தான் சோறு. காகிதப்பூ கெட்ட மண்ணைத் தாங்கும், ஓரளவு காற்றையும் தாங்கும். நிழலில் வைத்தால் பூக்காது, மெல்ல நோஞ்சானாகிவிடும். பூ வேண்டுமா, மறைப்பு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஜன்னல் உயரத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நீங்கள் மறைப்பைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சீந்தில் வையுங்கள். இதய வடிவ இலை, வளைந்து கொடுக்கும் தண்டு, மேலிருந்து நூல் நூலாக இறங்கும் விழுது. வேலியிலும் கல் இடுக்கிலும் தானாக ஏறும் கொடி அது. அரைநிழல் போதும். விரல் தடிமனில் ஒரு முழத் தண்டை வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். தெரிந்தவர் வீட்டு வேலியில் கேட்டு வாங்குங்கள், காசு கொடுக்காதீர்கள். வறட்சிக் காலத்தில் இலையைக் கொட்டும், பயந்து பிடுங்கிவிட வேண்டாம். கஷாயம் போட்டுக் குடிக்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது வைத்தியர் வேலை.

சந்தின் உள்பக்கம், காற்று நேராக அடிக்காத இடத்தில் மணி பிளான்ட் போடலாம். சுவரில் தேங்காய் நார் சுற்றிய கட்டையைச் சாத்திவையுங்கள். பிடித்து ஏற ஏற இலை பெரிதாகும். பெரிய இலை காற்றில் கிழியும் என்பதால் வாசல் பக்கம் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் கடிக்க விடாதீர்கள், வாய் எரிந்து வீங்கும்.

வெற்றிலையும் மிளகும் நிழலில் வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும்தான். ஆனால் கொடிக்கால்காரர் அகத்தியை நெருக்கி நட்டுக் காற்றை மறைத்து, எரு போட்டு, ஈரம் காயாமல் பார்த்து வெற்றிலையை ஏற்றுகிறார். உங்கள் சந்தில் அதில் ஒன்றுகூடக் கிடையாது.

இப்போது நர்சரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். விதைக்கு 1966-லேயே சட்டம் வந்துவிட்டது, அறிவிக்கப்பட்ட ரகமென்றால் பையில் விவரச் சீட்டு இருந்தாக வேண்டும். அழகுச் செடி விற்பவரிடம் அப்படி ஒரு சீட்டைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். 'வெயிலே வேண்டாம் சார்' என்று யார் சொன்னாலும் ஒன்று கேளுங்கள்: 'உங்கள் நர்சரியில் இதை எங்கே வளர்க்கிறீர்கள், காட்டுங்கள்.' முக்கால்வாசிப் பேர் வெட்டவெளியைத்தான் காட்டுவார்கள். இன்னொரு கூட்டம் 'லேண்ட்ஸ்கேப்' என்று கார்டு நீட்டும். ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டிக் கழிவை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நாலு அங்குலத்துக்குக் கீழே அதே சிமென்ட் கட்டிதான். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு கேள்வி. கோவை தடாகத்தில் செங்கல் சூளைக்குச் செம்மண் அள்ளிய கதை நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கட்டும். வரைபடத்தில் காற்றோட்டத்துக்கென்று காட்டி அனுமதி வாங்கும் இடம், கட்டி முடித்ததும் குப்பைக்குழி ஆகிறது. பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. புதுத்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், அதற்கு மேலும் மேலும் யூரியா போட்டுப் பயனில்லை. இரண்டடி உயர சிமென்ட் உறை (கிணற்றுக்கு இறக்கும் வளையம்) ஒன்று வாங்கி, அடியில் கழிவைக் கொஞ்சம் கிளறிவிட்டு நிறுத்துங்கள். நல்ல மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். சுவரை ஒட்டி மட்டும் மண் கொட்டாதீர்கள், ஓதம் ஏறும்.

சரி, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது மேற்கிலிருந்து வந்து உங்கள் சந்துக்குள் நேராக நுழைகிறது, குறுகிய இடம் என்பதால் வேகமும் கூடுகிறது. சந்தின் மேற்கு முனையில் நிழல் வலையைக் கட்டுங்கள். தகரம் அடித்தால் காற்று அதைத் தாண்டி விழுந்து உள்ளே சுழலும். வலை என்றால் பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கும்.

பூ ஆசை விடவில்லையென்றால் ஒரே ஒரு விலக்கு உண்டு. ரங்கூன் மல்லி. இதற்குக் கால் நிழலில் இருக்கலாம், தலை வெயிலில் இருக்க வேண்டும். உறையில் நட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை கெட்டிக் கம்பி இழுத்து, பக்கக்கிளையைக் கிள்ளி ஒரே தண்டாக ஏற்றுங்கள். மாடியைத் தொட்ட பிறகு படரவிட்டால் மாலையில் வெள்ளையாக விரிந்து அப்புறம் சிவக்கிற கொத்துகள் வரும். ஆனால் பூ மாடியில்தான். ஜன்னல் எதிரே வெறும் தண்டுதான் தெரியும், அதனால் சீந்தில் அப்போதும் வேண்டும். தண்ணீர்க் குழாயில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். வளர்ந்த கொடியின் கனமும் ஆடிக் காற்றும் சேர்ந்தால் குழாய் உடையும். மாடிக்கு ஏற ஆள் இல்லையென்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், வருடம் ஒருமுறை வெட்டாவிட்டால் அது அடர்ந்து புதராகிவிடும்.

ஒன்றுமட்டும் திருத்துகிறேன்: வெயிலே விழவில்லை என்பது முழுக்கச் சரியில்லை. சித்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் சூரியன் உங்கள் ஊர் உச்சியைத் தாண்டி வடக்கே சாயும், ஆவணியில் திரும்பும். அந்த நாலு மாதம் உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம் சந்துக்குள் வெளிச்சம் இறங்கும். காற்று வரும் மாதங்களும் ஏறக்குறைய அவைதான். ஆகவே சாரலைப் பார்த்து ஆனியில் நடாதீர்கள். ஐப்பசி மழைக்கு நட்டால் அடுத்த காற்று வருவதற்குள் வேர் பிடிக்க ஏழெட்டு மாதம் இருக்கும். கொடி ஏற ஏற ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டுங்கள். அதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். பழைய வேட்டிக் கிழிசல் போதும்.