எஸ்ஜிஎக்ஸ் (இன்டெல் சிப்பின் பாதுகாப்பு வசதி) என்கிளேவ் (அதில் தனியே பூட்டி ஓடும் புரோகிராம் பகுதி) ரூட்டாக ஓட்டினால் ஓடுகிறது, சாதாரண யூசராக ஓட்டினால் ‘பர்மிஷன் டினைட்’. டிவைஸ் கோப்புகளுக்கு 666 (எல்லோருக்கும் படிக்க, எழுத அனுமதி) போட்டுவிடலாமா?

போட்டால் ஓடும். ஆனாலும் போடாதீர்கள். அடுத்த ரீபூட்டில் யுடெவ் (டிவைஸ் கோப்புகளை நிர்வகிக்கும் சர்வீஸ்) அந்தக் கோப்புகளைப் பழைய பர்மிஷனுக்கே கொண்டுபோய்விடும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், அங்கே இருப்பது ஒரு கோப்பு அல்ல, இரண்டு. இரண்டையும் ஒரே மாதிரி திறந்துவிடுவதுதான் தப்பு.

ரூட்டாக ஓடுகிறது என்கிறீர்கள், அதனால் பயாஸ், கெர்னல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. டிவைஸ் கோப்பே காணோம் என்று இந்தப் பக்கம் வருபவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: லினக்ஸ் 5.11 முதல் (2021) எஸ்ஜிஎக்ஸ் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பிராசஸர் ஃபிளாகுகளில் எஸ்ஜிஎக்ஸ், எஸ்ஜிஎக்ஸ் எல்சி இரண்டும் தெரிய வேண்டும். இரண்டாவது (என்கிளேவ் தொடக்கக் கட்டுப்பாடு) இல்லையென்றால் இந்த டிரைவர் வேலை செய்யாது. 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் கோர் லேப்டாப், டெஸ்க்டாப் சிப்களில் எஸ்ஜிஎக்ஸையே எடுத்துவிட்டார்கள். ஜியான் சர்வர்களில்தான் தொடர்கிறது.

சரி, அந்த இரண்டு கோப்புகள். முதலாவது ‘எஸ்ஜிஎக்ஸ் என்கிளேவ்’. என்கிளேவை உருவாக்கவும் அதற்குரிய இபிசி நினைவகத்தை (என்கிளேவ்களுக்கென ஒதுக்கிய பகுதி) வாங்கவும் இது போதும். என்கிளேவுக்குள் ஓடும் கோடு வெறும் யூசர் மோட் கோடுதான். நேரடியாக சிஸ்டம் கால்கூட போட முடியாது. எல்லோரும் பங்குபோடும் இபிசியை ஒருவரே தின்றுவிடலாம் என்பதைத் தவிர, இதைத் திறந்துவிடுவதில் பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாவது ‘எஸ்ஜிஎக்ஸ் புரொவிஷன்’. ஒரு என்கிளேவ் புரொவிஷன் கீ கேட்க வேண்டுமானால், இந்தக் கோப்பைத் திறக்க முடிந்த பிராசஸ்தான் அதற்கு அனுமதி வாங்கித் தர முடியும். மற்ற கீகளில், மெஷினின் உரிமையாளர் மாற்றக்கூடிய ஒரு மதிப்பும் கலந்திருக்கும். புரொவிஷன் கீயில் அது கிடையாது. மெஷின் கை மாறினாலும் அதே சிப்பில், அதே நிறுவனம் கையெழுத்திட்ட என்கிளேவ்களுக்கு அதே கீ வரும். அதாவது, அழிக்க முடியாத ஓர் அடையாள எண். 666 போட்டால் அந்த சர்வரில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம்.

ஆகவே முதலாவதன் குரூப்பில் மட்டும் உங்கள் யூசரைச் சேர்த்துவிடுங்கள். ஓரளவு புதிய சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் லினக்ஸ் மென்பொருள்) உள்ள டிஸ்ட்ரோக்களில் ‘எஸ்ஜிஎக்ஸ்’ என்ற குரூப்பும், அந்தக் குரூப்புக்கு 0660 (படிக்க, எழுத அனுமதி) தரும் யுடெவ் விதியும் ஏற்கெனவே இருக்கும். பழையதென்றால் சிஸ்டம் குரூப்பாக நீங்களே உருவாக்கி விதியையும் எழுதிக்கொள்ளுங்கள். யூசர்மாட் கமாண்டில் குரூப்பைச் சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மறுபடி வர வேண்டும். இதை விட்டுவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவதற்கு இன்டெல் பேக்கேஜ்கள் ‘எஸ்ஜிஎக்ஸ் பிஆர்வி’ என்று தனி குரூப் வைக்கின்றன. அட்டெஸ்டேஷன் குவோட் (என்கிளேவ் உண்மையானது என்று வெளியே காட்டும் சான்று) எடுக்கும் வேலையை ஏஇஎஸ்எம் என்ற இன்டெல் சர்வீஸிடம் விட்டுவிட்டால் அந்தக் குரூப்பில் அது மட்டும் இருந்தால் போதும். உங்கள் புரோகிராம் அதன் சாக்கெட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதற்கு எஸ்ஜிஎக்ஸ் ஏஇஎஸ்எம் அட்ரஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை செட் செய்ய வேண்டும். இல்லையென்றால் உங்கள் பிராசஸுக்குள்ளேயே குவோட் எடுக்கப் பார்க்கும், புரொவிஷன் கோப்பில் போய் முட்டும்.

அப்புறம், ஷெல்லில் ஓடியதை சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றும்போது இன்னொரு வம்பு காத்திருக்கிறது. யூனிட் கோப்பில் ‘பிரைவேட் டிவைசஸ்’ ஆனில் இருந்தால் இந்தக் கோப்புகளே கண்ணுக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டு, டிவைஸ் பாலிசியை குளோஸ்ட் என்று வைத்து, என்கிளேவ் கோப்பை மட்டும் டிவைஸ் அலௌவில் கொடுங்கள். பாதுகாப்பும் பெரிதாகக் குறையாது.

டெவ் டைரக்டரி (டிவைஸ் கோப்புகள் இருக்கும் இடம்) நோஎக்ஸெக்காக, அதாவது எக்ஸிக்யூட் தடையோடு, மவுன்ட் ஆகியிருந்தால் கதை வேறு. கோப்பு ஒழுங்காகத் திறக்கும். என்கிளேவ் பக்கங்களை எக்ஸிக்யூட் உரிமையோடு எம்மேப் செய்யும் (நினைவகத்தில் பொருத்தும்) இடத்தில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று விழும். ரூட்டுக்கும் அதே கதிதான். குரூப்பை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது, எக்ஸெக்கோடு ரீமவுன்ட் செய்தால்தான் தீரும்.

டாக்கரில் ஓட்டுகிறீர்களென்றால் குரூப்பின் பெயரை நம்பாதீர்கள். கெர்னல் பார்ப்பது எண்ணைத்தான். ஹோஸ்டில் அந்தக் கோப்பின் குரூப் எண் என்ன என்று ஸ்டாட் கமாண்டில் பார்த்து, அதே எண்ணை குரூப்-ஆட் ஆப்ஷனில் கொடுங்கள். இமேஜுக்குள் அதே பெயரில் ஒரு குரூப் உருவாக்கினால் அதற்கு வேறு எண் விழ வாய்ப்பு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லையென்றால் எஸ்ட்ரேஸ் (சிஸ்டம் கால்களைக் காட்டும் கமாண்ட்) போட்டு, ஓப்பனில் விழுகிறதா எம்மேப்பில் விழுகிறதா என்று பார்த்து அந்த ஒரு வரியை கமென்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.