வீலிங்குக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு

போன இதழில் பிட்ஸ்பர்க் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் வீலிங் என்ற சின்ன நகரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு விட்டீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர்கள் எழுதியவை. மகள் வீட்டில் நாலு தடவை ஆறு மாத விருந்தாளியாக இருந்தவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மாயவரம் வாசகி): பிட்ஸ்பர்கில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருக்கப்போகிறோம். வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே வீலிங் பக்கத்து மலைமேல் நியூ விருந்தாவனத்தில் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் கட்டிய தங்க அரண்மனையையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம், வீலிங் ஊருக்குள் போக நேரம் இருக்காது என்கிறான். ஊருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: மகனைக் குற்றம் சொல்லாதீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பிட்ஸ்பர்கை ஒட்டிய பென் ஹில்ஸில் 1976-ல் எழும்பிய கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரக் கார். அரண்மனையைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், திரும்பினோம். வீலிங் எனக்கு நெடுஞ்சாலைப் பச்சைப் பலகையில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை ஊர், ராத்திரி அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை அரண்மனை. ஞாயிறன்று ஊரில் பாதிக் கடை பூட்டியிருக்கும், மலைமேல் கிருஷ்ணன் கோயிலில் அன்றுதான் கூட்டமும் பிரசாதமும்.

அமெரிக்க அரசு தன் செலவில் போட்ட முதல் பெரிய சாலை அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி 1818-ல் இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தது. மலை கடந்தவர்கள் இங்கே படகேறி மேற்கே போனார்கள். 1853-ல் ரயிலும் வந்தது. இரும்பு, ஆணி, கண்ணாடி, சுருட்டு என்று ஊர் செழித்தது. 1930-ல் 61,000 பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 27,000 பேர். பன்னிரண்டு பேருக்குக் கட்டிய வீட்டில் பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும்? அழகான கல் முகப்பு, மேல்மாடியில் இருட்டு, வாசலில் மட்டும் விளக்கு. அதைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல ஊர். ஷாப்பிங் மால் எதிர்பார்ப்பவர்கள் பிட்ஸ்பர்கிலேயே இருக்கலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி): அங்கே பழைய தொங்குபாலம் ஒன்று இருப்பதாகப் படித்திருக்கிறேன். இன்னும் இருக்கிறதா? நடந்து பார்க்க முடியுமா?

பதில்: இருக்கிறது ஐயா. ஊருக்குள் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். சார்லஸ் எல்லெட் என்பவர் 1849-ல் கட்டி முடித்தார். இரண்டு கல் கோபுரங்களுக்கு நடுவே 1,010 அடி. அன்றைக்கு உலகத்தில் அதைவிட நீளமான தொங்குபாலம் கிடையாது.

கட்டிய கையோடு வழக்கு வந்தது. பிட்ஸ்பர்குக்கு வரும் நீராவிக் கப்பல்களின் உயரமான புகைபோக்கிகளுக்குப் பாலம் தடையாக இருக்கிறது என்று பென்சில்வேனியா மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அவர்கள் பக்கம் வாதாடிய எட்வின் ஸ்டான்டன் பிற்பாடு லிங்கனின் போர்த்துறை அமைச்சர் ஆனார். 1852-ல் நீதிமன்றம், பாலத்தை உயர்த்து, இல்லாவிட்டால் எடு என்றது. அதே வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம், இது தபால் போகிற வழி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சட்டம் போட்டது. சட்டத்துக்குத் தப்பிய பாலம் காற்றுக்குத் தப்பவில்லை. 1854 மே மாதப் புயல் தளத்தை முறுக்கி ஆற்றில் போட்டுவிட்டது. (பிட்ஸ்பர்கில் என் மகள், "எங்க ஊர்க்காரங்க கண்ணுதாம்மா பட்டிருக்கும்" என்கிறாள்.) மறுபடி கட்டி, பிறகு பலமுறை பலப்படுத்தி, இன்றைக்கும் அதே கோபுரங்களில் தொங்குகிறது.

நான் முதலில் அதில் நடந்தது 2018-ல். அப்போது கார்கள் ஓடின. தளம் இரும்புக் கம்பிச் சல்லடை. ஒவ்வொரு கார் ஏறும்போதும் தம்பூராவை மீட்டினாற்போல் ஒரு ரீங்காரம் எழும், உள்ளங்காலில் லேசாக ஒரு நடுக்கம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவர். அந்தக் கரை போய்ச் சேரும்வரை கைப்பிடியை விடவில்லை. எடை வரம்பை மீறிப் பேருந்துகள் ஏறிய சம்பவங்களுக்குப் பிறகு 2019-ல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருமுறை போனேன். பாலம் முழுக்க நடப்பவர்களுக்கே. ரீங்காரம்தான் இல்லை. பழுதுபார்க்கும் நாட்களில் நடைபாதையையும் அடைப்பது உண்டு. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): மேற்கு வர்ஜீனியா என்றால் வர்ஜீனியாவின் மேற்குப் பகுதிதானே?

பதில்: உள்ளூர்க்காரர் காதில் விழும்படி கேட்டுவிடாதே, கண்ணு. தனி மாநிலம். 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டு வர்ஜீனியா நாட்டிலிருந்து பிரிந்தபோது, மலைப்பக்கத்து மாவட்டங்கள் "நாங்கள் வரவில்லை" என்று வீலிங்கில் கூடின. கூடிப் பேசிய சுங்க அலுவலகக் கட்டடம் 1859-ல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். 1863 ஜூன் 20 மாநிலம் பிறந்த நாள். தலைநகரம் முதலில் வீலிங், 1870-ல் சார்ல்ஸ்டன், 1875-ல் திரும்ப வீலிங், 1885-ல் மறுபடி சார்ல்ஸ்டன். ஒவ்வொரு தடவையும் அரசாங்கக் கோப்புகள் மூட்டை கட்டிப் படகேறின. வாடகை வீடு மாறியவர்களுக்கு அந்த வலி புரியும்.

கேள்வி (சேலம் வாசகர்): எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயில் உண்டா?

பதில்: பயணிகள் ரயில் கிடையாது. அழகான பழைய ரயில் நிலையம் இருக்கிறது, அதில் இப்போது கல்லூரி நடக்கிறது. ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சனிக்கிழமைக்குப் பிடித்து வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

பதில்: நான் கிடக்கவில்லை. 1853-ல் கட்டிய சென்டர் மார்க்கெட் என்ற பழைய சந்தைக் கட்டடத்துக்குள் போனவுடன் பொரித்த மீன் வாசனை அடிக்கும். கோல்மன்ஸ் என்ற கடையில் வெறும் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே பொரித்த மீனை வைத்துத் தருவதற்குத்தான் அந்த வரிசை. உங்கள் பிள்ளை நிற்பான், நிற்கட்டும். நமக்கு இந்த வட்டாரத்துப் பீட்சா இருக்கிறது. சதுரமாக வெட்டுவார்கள், அடுப்பிலிருந்து எடுத்த பிறகுதான் சீஸைப் பச்சையாக மேலே தூவுவார்கள். டப்பாவை மூடி இரண்டு நிமிஷம் விட்டால் பாதி உருகும், பாதி உருகாது. முதல் வாய்க்கு "இது வேகவில்லையே" என்று தோன்றியது. மூன்றாவது துண்டை யாருக்கும் தரவில்லை.

மறுநாள் கவலையே இல்லை. மலைமேல் நியூ விருந்தாவனத்தில் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு. ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: தங்க அரண்மனை கோயில் இல்லை. ஹரே கிருஷ்ணா இயக்கத்தைத் தொடங்கிய பிரபுபாதா தங்குவதற்காகப் பக்தர்களே பளிங்கு அறுக்கவும் வண்ணக் கண்ணாடி பதிக்கவும் பழகிக் கட்டிய வீடு. அவர் 1977-லேயே காலமாகிவிட்டார். 1979-ல் அவர் நினைவாகத் திறந்தார்கள். ராதாகிருஷ்ணர் கோயில் தனியாக இருக்கிறது. மயிலும் மாடும் அங்கேயும் உண்டு.

போகிற வழியில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். எங்கள் ஜி.பி.எஸ். ஒரு பண்ணை வாசல் கேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஊமையாகிவிட்டது. பிக்கப் வண்டியில் வந்த ஒரு பெரியவர் என் புடவையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, மலையைக் கை காட்டினார்.

அங்கிருந்து இறங்கும்போது நேரமிருந்தால் மவுண்ட்ஸ்வில்லில் 62 அடி உயர மண்மேடு ஒன்று. அடினா என்ற பழங்குடி மக்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் மண்ணைச் சுமந்து கொட்டி எழுப்பிய ஈமக்குன்று. எதிரிலேயே 1995-ல் மூடிய பழைய சிறைச்சாலை. சிறையைச் சுற்றிக் காட்டக் காசு வாங்குகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): எந்த மாதம் நல்லது?

பதில்: அக்டோபர் நடுவிலிருந்து கடைசிவரை, மலை முழுக்க இலை சிவந்திருக்கும். குளிர் தாங்குபவர்கள் டிசம்பரில் ஓக்ளபே பூங்காவின் விளக்குத் திருவிழாவுக்குப் போகலாம். காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம் என்பது என் முழங்காலுக்குப் பிடித்த விஷயம்.

கேள்வி (ஸ்ரீரங்கம் மாமி): பாலம் ஆற்று நடுவில் இருக்கும் தீவுக்குப் போகிறதாமே! எங்கள் ஊர் மாதிரியா? ஆற்றில் கால் நனைக்கலாமா?

பதில்: தீவு உண்மை. வீலிங் ஐலண்ட் என்று பெயர், ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1936 மார்ச் வெள்ளத்தில் முழுகிய தீவு. பெருமாள்தான் இல்லை. காவிரி மாதிரி மணலும் இல்லை, படித்துறையும் இல்லை. மேலே பைக் ஐலண்ட் அணை, கீழே ஹானிபல் அணை. நடுவில் தண்ணீர் ஆழமாக, அசையாமல் நிற்பது போலத் தெரியும். இறங்காதீர்கள். ஊர்க்கரையில் ஹெரிடேஜ் போர்ட் என்ற இடத்தில் ஆற்றைப் பார்த்தபடி படிக்கட்டு வரிசை கட்டியிருக்கிறார்கள், அங்கே உட்காருங்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கீழிருந்து ஒரு சரக்குத் தொடர் வந்தது. மூன்று மூன்றாக ஐந்து வரிசை, பதினைந்து தெப்பம், எல்லாவற்றிலும் நிலக்கரி. இழுக்கிற படகைக் காணோமே என்று பேத்தி முன்னால் தேடினாள். அது கடைசியில் இருந்தது, தள்ளிக்கொண்டு. முதல் தெப்பம் பாலத்தடியில் நுழைந்தபோது பிளாஸ்கைத் திறந்தேன். கடைசிப் படகு வெளியே வருவதற்குள் இரண்டு பேரும் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரையும் கவிழ்த்துவிட்டோம்.