வயதான அம்மா அப்பாவோடு, பிள்ளைகளோடு, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் கூலாயிலிருந்து ஒரே நாளில் சிங்கப்பூரின் தேக்காவுக்கு வந்து தீபாவளித் துணி எடுத்துத் திரும்ப முடியுமா? கட்டுப்படியாகுமா?

முடியும். என் அண்ணன் குடும்பம் வருடா வருடம் அப்படித்தான் வருகிறது. நான் பிறந்ததும் கூலாய்தான், கல்யாணமாகிச் சிங்கப்பூரில் யீஷூனுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. அதனால் இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் இந்த நாளைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுப்படியாகுமா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் மிச்சம் பிடிக்க வருவதாக இருந்தால் வராதீர்கள். எங்கள் அப்பா காலத்தில் கணக்கு வேறு. 1997 நிதி நெருக்கடிக்கு முன்பு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட்கூட ஆகாது. தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரமே அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். இப்போது ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இங்கே 60 வெள்ளிச் சேலை என்றால் உங்கள் கையிலிருந்து போவது 180 ரிங்கிட்டைத் தாண்டும். உளுந்து, முறுக்கு மாவு, நெய், மசாலா எதையும் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் எல்லாமே கிடைக்கும், மலிவாகவும் இருக்கும். மாதச் சாமானுக்கு நானே அங்கேதான் போகிறேன்.

நகையும் வேண்டாம். இங்கே நகை விலையோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும். சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தருவார்களே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது விமானத்திலோ சொகுசுக் கப்பலிலோ வெளியேறுகிறவர்களுக்கு மட்டும்தான். உட்லண்ட்ஸ் வழியாகத் தரைவழி திரும்புகிறவர்களுக்குக் கிடையாது. ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் போய் ஏமாந்து நிற்க வேண்டாம்.

அப்படியானால் எதற்குத்தான் வருவது? துணிக்கு வரலாம். தேக்கா நிலையத்தின் மாடியில் வரிசை வரிசையாகச் சேலைக் கடை, சுடிதார்க் கடை, தையல்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே தளத்தில் அத்தனை நிறத்தையும் தொட்டுப் பார்க்கலாம். கீழே கேம்பல் லேனில் தோரணம், விளக்கு, பூஜைச் சாமான். சாயங்காலம் சிராங்கூன் சாலை முழுக்க ஒளியூட்டு. பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்த நாளை உங்கள் அம்மாவின் கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்துத் திட்டமிடுங்கள். கடைகளை எண்ணித் திட்டமிடாதீர்கள்.

இதை நாங்கள் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். 2020 மார்ச்சில் கடற்பாலத்தை மூடினார்கள். தடுப்பூசி போட்ட எல்லாரும் பழையபடி வந்து போக 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு தீபாவளிக்கு அம்மா இங்கே வர முடியவில்லை. அதனால் 2022 தீபாவளிக்கு, விட்டுப்போன இரண்டு வருடத்தையும் ஒரே நாளில் சேர்த்து முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் எல்லாருமே துடித்தோம். நீண்ட பட்டியல், அண்ணிக்கு, மாமிக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்று. காலை ஒன்பதரைக்குத் தேக்கா. மத்தியானம் கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட். நாலு மணிக்கு முஸ்தஃபா பேரங்காடி. "இன்னும் ஒரே ஒரு மாடிதான்மா" என்று சொல்லிச் சொல்லியே எட்டு மணி ஆக்கிவிட்டோம்.

இரவு பத்தரைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நகரவே நகராத வரிசை. அம்மாவுக்கு அப்போது 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. துணிப் பையைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். வரிசை நகர நகர எழுந்து, மறுபடி உட்கார்ந்து, அப்படியே ஒன்றரை மணி நேரம். வழியனுப்ப நானும் ஜொகூர் பாரு வரை கூடப் போயிருந்தேன். அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுவருடம் நான் போன் போட்டபோதுதான் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு எது எடுத்தாலும் சரிதான்."

எது எடுத்தாலும் சரி என்று சொல்கிற ஆள் இல்லை எங்கள் அம்மா. பருத்திச் சேலையின் முந்தியை விரலில் சுருட்டிப் பார்த்து, நூல் எண்ணாத குறையாகப் பார்த்து எடுப்பவர். அந்த வருடம் நானே ஒன்றை எடுத்து அனுப்பினேன். கட்டிக்கொண்டார். படத்தில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

2024இல் எல்லாவற்றையும் மாற்றினோம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சனிக்கிழமை வாருங்கள். சனி காலையில் சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாம் ஜொகூருக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், நீங்கள் எதிர்த் திசையில் வருவீர்கள். வார நாளில் விடியற்காலை வேலைக்கு வருகிறவர்களின் கூட்டம், மாலையில் அவர்கள் திரும்பும் கூட்டம், இரண்டுமே பெரியவர்களுக்கு ஆகாது. 2025 தொடக்கத்திலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை, அதனால் உங்களுக்கும் வசதி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவைத் தவிருங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு வாரத்தில் ஓய்வாக நண்பர்களைப் பார்க்கும் ஒரே நாள் அது. மத்தியானத்துக்கு மேல் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது.

புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் அது குடிநுழைவு ஆணையத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

பஸ் என்றால் ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்திலிருந்து 170ஆம் எண் பஸ், குவீன் ஸ்திரீட் வரை வரும். ஆனால் இரண்டு சோதனைச்சாவடியிலும் இறங்கி, கையில் உள்ளதை எல்லாம் தூக்கிக்கொண்டு, படியோ மின்படியோ ஏறி இறங்கி, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடம். போக 5 ரிங்கிட், திரும்ப 5 வெள்ளி. திரும்பும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கினால் நேரே வெளியே போகலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சனி, ஞாயிறு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்கு டாக்சி பிடியுங்கள். அந்தச் செலவுக்காக ஒரு சுடிதாரைக் குறைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

தேக்காவில் மாடிக்கு மின்படியில் போய் முதலில் அம்மாவின் சேலையை எடுங்கள். பிள்ளைகளின் துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காலையில் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், உட்கார நாற்காலி போடுவார். 2024இல் அம்மா ஒரே கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரக்கும் பச்சையுமாக ஒரு செட்டிநாட்டுச் சேலை எடுத்தார். பிறகு கடைக்காரப் பெண்ணிடம், தான் கல்யாணமான புதிதில் வந்த சந்தை இது இல்லை, அது சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது என்று சொன்னார். அது உண்மைதான். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். ஒரு காலத்தில் அந்த வட்டாரமே மாட்டு வியாபாரம் நடந்த இடம், எருமையின் பேர் இன்னும் பஃபலோ ரோட்டிலும் கெர்பாவ் ரோட்டிலும் நிற்கிறது. அம்மா இதை எல்லாம் சொல்ல, அண்ணன் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிள்ளைகளின் துணியைக் கடையிலேயே போட்டுப் பார்த்து எடுங்கள். ஒரு தடவை அண்ணன் மகனுக்கு எடுத்த குர்த்தா தோளில் பிடித்தது. நான் மாற்றப் போனபோது விற்றதை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் எனக்கே இப்படி என்றால், எல்லை தாண்டி வருகிற உங்களுக்கு?

சாப்பாட்டுக்குத் தேக்காவின் கீழ்த்தளத்து உணவங்காடி நிலையம் போதும், படி ஏற வேண்டாம். பன்னிரண்டுக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள், பிறகு மேசை கிடைக்காது. சைவம் என்றால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

சாப்பிட்டதும் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். இது எங்கள் அண்ணியின் யோசனை, நல்ல யோசனை. நீங்கள் இருவரும் முஸ்தஃபாவுக்கு ஓடுங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் நிழலில் உட்காரட்டும். கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு இருக்கிறது, கதவும் சன்னலும் ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். தாத்தாவோடு படம் எடுக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முஸ்தஃபா வாசலில் உங்கள் பைகளைப் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதனால் பணம், போன், மருந்து எதுவும் அந்தப் பைக்குள் இருக்கக் கூடாது. கனமான சாமான் எதுவானாலும் கடைசியில் வாங்குங்கள், அதுவும் ஒரு கையால் தூக்க முடிகிற அளவுக்கு.

விளக்கு எரியத் தொடங்கும்போது ஏழு மணி. அரை மணி நேரம் பாருங்கள், கிளம்புங்கள். பட்டியலில் எது மிச்சம் இருந்தாலும் கிளம்புங்கள்.

2024இல் எங்கள் பட்டியலில் பாதிதான் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் சேலையைப் பிறகு நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா ஒன்பதரைக்கெல்லாம் கூலாயில் வீட்டு வாசலில் நின்று போன் செய்தார். அந்த அரக்குச் சேலைக்கு ரவிக்கைத் துணி கொஞ்சம் மங்கலாக இருக்கிறதாம், அடுத்த தடவை அதே கடைக்கு வரவேண்டும் என்றார்.