அரபியும் செமிட்டிக்தானே?

கேள்வி: "அரபியும் செமிட்டிக் மொழிதான். அப்புறம் ஓர் அரபுக்காரரை எப்படி ஆன்டிசெமிட்டிக் என்று சொல்லலாம்?" என்று டீக்கடையில் நண்பர் மடக்குகிறார். என்ன பதில் சொல்வது? — வாசகர், மன்னார்குடி

பதில்: நண்பரின் மொழியியல் சரி, முடிவு தவறு. 'செமிட்டிக்' என்பது பைபிளில் வரும் நோவாவின் மகன் சேமின் பெயரால், 1781-இல் ஷ்லோசர் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு மொழிக்குடும்பத்துக்கு இட்ட பெயர். எபிரேயம், அரபி, அம்ஹாரிக் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஆன்டிசெமிட்டிசம் ('செமிட்டிய எதிர்ப்பு') குறிவைத்தது யூதர்களை மட்டும்தான்.

முன்பு ஜெர்மனியில் 'யூடன்ஹாஸ்', அதாவது யூத வெறுப்பு என்று பச்சையாகவே சொன்னார்கள். அது மதப்பகையாக இருந்தவரை, ஞானஸ்நானம் பெற்ற யூதருக்கு ஒரு வாசலாவது திறந்திருந்தது. 1879-இல் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் பெர்லினில் 'ஆன்டிசெமிட்டன் லீகா', அதாவது செமிட்டிய எதிர்ப்பாளர் சங்கம் தொடங்கினார். பகை மதத்தோடு அல்ல, இனத்தோடு என்றார். இனம் என்றால் மதம் மாறியும் தப்ப முடியாது! வெறுப்புக்கு அறிவியல் சட்டை மாட்டும் வேலை. 'ஆன்டிசெமிட்' என்பது எதிரிகள் வைத்த வசைப்பெயர் அல்ல, யூதர்களை வெறுத்தவர்களே பெருமையாகச் சூடிக்கொண்டது.

1882-இல் ஒடெசா மருத்துவர் லியோன் பின்ஸ்கர் யூத வெறுப்பை 'யூதோபோபியா' என்று ஒரு மனநோயாகவே பார்த்தார். நோய் என்றால் நோயாளிமேல் பழி குறையும், எனக்கு உடன்பாடில்லை. கும்பகோணத்தில் வரலாறு நடத்திய காலத்தில் கரும்பலகையில் 'யூத வெறுப்பு' என்றுதான் எழுதுவேன். 'செமிட்டிய எதிர்ப்பு' என்று எழுதினால் உங்கள் நண்பரின் கேள்விதான் வரும்.