நூலகக் கணினியில் எந்த லிங்க்கும் திறக்கவில்லையா? முதலில் தேதியைப் பாருங்க

லிங்க் உடையலைங்க, அந்தக் கணினியின் தேதிதான் தப்பா இருக்கணும். தண்டையார்பேட்டை நூலகத்தில் எதைத் தொட்டாலும் ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’னு (உங்க இணைப்பு பாதுகாப்பா இல்லைன்னு) எச்சரிக்கை வருது, அதே லிங்க் உங்க போனில் திறக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அதை வெச்சுத்தான் சொல்றேன்.

‘இது உண்மையான தளம்தான்’னு பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள், முடியும் நாள் உண்டு. கணினி 2015லேயே நின்னுட்டா, இன்றைய சான்றிதழ் அதுக்கு இன்னும் பிறக்கவே இல்லை, அதான் எச்சரிக்கை. கணினி அணைஞ்சிருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்க மதர்போர்டில் (உள்ளே இருக்கும் முக்கியப் பலகையில்) இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி, ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமா இருக்குமே, அது தீர்ந்திருக்கும். ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போற இடத்தில் காலையில் தேதி பழசுக்குப் போயிடும்.

1. திரையின் வலது கீழ் மூலையில் தேதி, வருஷம் பாருங்க.
2. தப்புன்னா நூலகரிடம் சொல்லுங்க. பொதுக் கணினியில் நேரத்தை மாற்ற அட்மின் பாஸ்வேர்டு வேணும். நேர மண்டலம் +5:30ன்னு இருக்கணும். பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்க, இல்லைன்னா மறுநாளே இதே கதை.

தேதி சரியா இருந்தும் எச்சரிக்கை வந்தா, ‘ப்ரொசீட்’ (தொடரவும்) அழுத்தி உள்ளே போய் பாஸ்வேர்டோ ஓடிபியோ தயவுசெஞ்சு போடாதீங்க. ஒரே ஒரு லிங்க்கில் மட்டும் ‘404’னு (பக்கம் கிடைக்கலைன்னு) வந்தா அது வேற விஷயம்: அந்தப் பக்கத்தையே எடுத்துட்டாங்க, இல்லைன்னா இடம் மாத்திட்டாங்க. முகவரியை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிச்சு வைக்கும் தளம்) போட்டா பழைய பிரதி கிடைக்கலாம்.