திருப்பத்துக்குப் பிறகு என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ சிறுகதையைப் படித்தேன். முடிவில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தோழியிடம் இரவல் வாங்கிய வைர நகையைத் தொலைத்துவிட்டு, மாற்று நகை வாங்கிக் கொடுத்த மதில்த் என்ற பெண்ணை அந்தக் கடனுக்காகப் பத்து வருடம் கஷ்டப்பட வைத்துவிட்டு, தொலைந்த நகை போலி என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். முரண்நகை (irony) என்பது வாசகரை ஏமாற்றும் வித்தைதானா? கதையில் திருப்பத்தை எங்கே வைக்க வேண்டும்? நான் எழுதிய கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன். பலரும் ‘செம ட்விஸ்ட்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் மதில்துக்காகச் சண்டைக்கு வருகிறீர்கள். சந்தோஷம்.

ஆனால் ‘ஏமாற்று’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவசரமாகப் படித்துவிட்டு எழுதியவர் மேல் பழி போடாதீர்கள். நகை தொலைந்ததும், மதில்தும் கணவரும் பெட்டியில் பெயர் போட்டிருந்த கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிவிட்டு, நகை நான் விற்றதில்லை, பெட்டி மட்டும் கொடுத்திருப்பேன் என்கிறார். வைர நகைக்கு வேறு கடையின் பெட்டி எதற்கு? அவர்கள் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை! இரவல் கேட்டபோது தோழி கொஞ்சமும் தயங்கவில்லை. மாற்று நகையை வாங்கிக்கொண்டபோது பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கிறது. இன்னொரு தடவை படியுங்கள். 36,000 பிராங்குக்கு மாற்று நகை வாங்கப்போகிறவர்கள் அந்தக் கடையிலிருந்து வெளியே வரும் இடத்தில், ‘நில்லுங்கள்’ என்று கத்தத் தோன்றும். முதல் தடவை கிடைப்பது அதிர்ச்சி மட்டும்தான்.

திருப்பத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அது பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் விஷயம். உண்மை தெரிவதற்குச் சற்று முன்னால் மதில்த் பெருமையோடு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு என்ன ஆனது என்று மாப்பசான் சொல்லவே இல்லை. அதிகம் போனால் 500 பிராங்க் என்று தோழி சொல்வதோடு கதை நின்றுவிடுகிறது. மதில்த் அழுதிருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்காது, அனுதாபப்பட்டுவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘மாகியின் பரிசு’ கதையில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாங்கிய பரிசுகள் இரண்டும் பயனற்றுப் போன பிறகு, இவர்கள்தான் அறிவாளிகள் என்று ஆசிரியரே வந்து ஒரு பத்தி பேசுகிறார். நான் அந்தப் பத்தியை எப்போதும் தாண்டிவிடுவேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ‘நெக்லஸ்’ கதையை ஒருமுறை வாயால் சொன்னேன். முடித்ததும், “அப்புறம் அந்தத் தோழி நல்ல நகையைத் திருப்பிக் கொடுத்தாளா?” என்றார். கதை அவ்வளவுதான் என்றேன். “அதெப்படி அவ்வளவுதான்? அவ்வளவு பணமும் அவளிடம்தானே இருக்கிறது?” என்று என்னோடு சண்டை போட்டார். நான் என்ன செய்வேன்! அதன் பிறகும் சில நாள் அந்தத் தோழியைத் திட்டிக்கொண்டிருந்தார். மாப்பசானுக்கு அதைவிட நல்ல வாசகி கிடைத்திருக்க மாட்டார்.

உங்கள் கதைக்கு வருகிறேன். உண்மை தெரிந்த பிறகு கதாநாயகன் ஒரு பக்கம் முழுக்க அழுகிறான், விதியைத் திட்டுகிறான், வானத்தைப் பார்க்கிறான். எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை நீங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள், படிக்கிறேன்.